கறுப்புத் திரைக்கு ஃபார்மட் மருந்தல்ல

கேள்வி: பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதித் தருகிறேன். போன வாரம் சாயங்கால மழையில் கரண்ட் போய், வந்து, மறுபடியும் போனது. அன்றிலிருந்து டெஸ்க்டாப்பில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பார்க்க வந்தவர் விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் செய்யணும் என்கிறார். கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பட்டனை அழுத்தியதும் கணினி முதலில் பிராசஸர், ராம் (தற்காலிக நினைவகம்), டிஸ்ப்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். அது முடிந்து கம்பெனி லோகோ திரையில் வந்த பிறகுதான் டிஸ்க்கைத் தேடும். விண்டோஸ் அதற்கும் அப்புறம். உங்கள் கணினி முதல் படியிலேயே நிற்கிறது. டிஸ்க்கையே தொடாத கோளாறுக்கு டிஸ்க்கை அழித்து என்ன பயன்? உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். மானிட்டரையும் அதன் கேபிளையும் மாற்றிப் பார்த்தால் போதும். விளக்கு அசையவில்லையா? பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கரண்ட் விட்டுவிட்டு வந்ததால் குழம்பி நிற்கும் போர்டுகள் பல இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லை என்றால் கேபிள் பிடுங்கியபடியே கேபினட்டைத் திறந்து ராமைக் கழற்றுங்கள். பொன்னிறக் கால்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அதை எடுத்து ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். இப்படித் திரை வந்துவிட்டால் பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தாலும் பதற வேண்டாம். பேட்டரியை எடுத்ததில் பயாஸில் பூட் மோடோ, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா மோடோ மாறியிருக்கும், முன்பிருந்தபடி வைத்தால் சரி. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண் கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் என் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) மேல்தான். ஃபேன் சுற்றுகிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. ஃபேனுக்கு 12 வோல்ட் மட்டும் போதும். போர்டுக்கு 5, 3.3 வோல்ட்களும் சரியாக வர வேண்டும். எல்லாம் நிலைத்ததும் 'பவர் குட்' என்ற சிக்னலையும் எஸ்எம்பிஎஸ் அனுப்ப வேண்டும். அது வராதவரை பிராசஸர் வேலையைத் தொடங்காது, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைத் திறந்து பார்க்க மட்டும் போகாதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

கணினிக் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்கு எடுத்துப்போனால் உங்கள் கண்ணெதிரே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். போவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். பிறருடைய கணக்கு அதில் இருக்கிறது. திரை வருகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையும் இல்லை. புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் திரை வரவில்லை என்றால் அநேகமாக போர்டுதான் போயிருக்கும். அப்போதும் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கணினி எழுந்ததும் முதல் வேலை, டாலியின் டேட்டா ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் நகலெடுப்பது. கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாக நின்றிருக்கலாம். டாலி ரிப்பேர், டிஸ்க் செக் எல்லாம் நகல் எடுத்த பிறகே. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் (கரண்ட் போனதும் சட்டென்று மாறும் முறை) இருக்கிறதா பாருங்கள். கரண்ட் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்குவது முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்டுதான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கணினி அணைந்துவிடக்கூடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ஒரு 600 விஏ யூபிஎஸ் போதும், சேமித்து அணைக்கச் சில நிமிஷம் கிடைக்கும். இடி மழை வந்தால் பிளக்கோடு, கம்பத்திலிருந்து வரும் இன்டர்நெட் கேபிளையும் பிடுங்குங்கள். செம்புக் கம்பி என்றால் அந்த வழியாகவும் மின்னல் போர்டுக்கு வரும்.