கருத்தரித்த மறுநாளே பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. விந்தணுவும் முட்டையும் சேர்வது பெரும்பாலும் கருக்குழாயில்தான். அப்படி உருவான கரு கருப்பைக்குப் போய்ச்சேரவே சில நாட்கள் ஆகும். முதல் செல் இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். 3ஆம் நாளில் எட்டு செல்கள் வரை இருக்கலாம். ஆனால் மொத்த உருவம் பெரிதாவதில்லை! முட்டையைச் சுற்றிய உறைக்குள்ளேயே பிரிவதால் ஒவ்வொரு செல்லும் சிறிதாகிக்கொண்டே போகிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

5ஆம் நாள் வாக்கில் செல்கள் இரு பிரிவாகின்றன. உள்ளே திரண்டவற்றிலிருந்து குழந்தை உருவாகும், வெளி அடுக்கிலிருந்து நஞ்சுக்கொடி. அப்புறம் உறையை விட்டு வெளியேறி, 6 முதல் 10 நாட்களுக்குள் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கும். பரிசோதனை தேடும் எச்.சி.ஜி. ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலப்பது அதற்குப் பிறகுதான். அதனால் மாதவிடாய் தள்ளிப்போகும் வரை பொறுத்திருந்து பாருங்கள்.