பேஸ் கேட்காத பெட்டி

அன்புள்ள ஐயா,

தி கிளாஷ், தி போலீஸ் போன்ற பிரிட்டிஷ் இசைக்குழுக்கள் எல்லாம் ஜமைக்காவின் ரெக்கே இசையை எடுத்துத்தானே பேரும் பணமும் சம்பாதித்தார்கள்? திருட்டு என்று சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? மெதுவான தாளமும் இரண்டு கிடார் வெட்டும் தவிர ரெக்கேயில் அப்படி என்னதான் இருக்கிறது?

கா.

அன்புள்ள கா.,

திருட்டு வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பாட்டுக்காரருக்குக் காசு போய்ச் சேரவில்லை என்றால் திருட்டுதான், சரி. உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. எதில் கேட்டுவிட்டு இதை எழுதினீர்கள், போனிலா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். விடுதி அறையில் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் வைத்த டேப்ரிக்கார்டரில் ரெக்கே பாடகர் பாப் மார்லியைக் கேட்டு, தூங்குமூஞ்சிப் பாட்டு என்று ஒதுக்கியவன் நான். சில வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில், இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டியில் அதே கேசட். மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது. பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதே கனத்த அடிக்குரல் கொண்ட பேஸ் கிடார்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு தட்டில் டிரம் முதல் தட்டை விட்டுவிட்டு மூன்றாவதில் விழுகிறது. அந்தக் காலி இடத்தில் பேஸ் உலாத்துகிறது.

பிரிட்டனை மாற்றியது இந்தப் பெட்டிதான், கா. 1948க்குப் பிறகு கரீபியனிலிருந்து வந்தவர்களைப் பல கிளப்புகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. அவர்கள் வீட்டு நிலவறையில் நாற்காலி மேசையை ஒதுக்கிவிட்டு, பீரோ உயரப் பெட்டிகளை அடுக்கி விடிய விடிய ஆடினார்கள். அதற்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். 1977இல் லண்டன் ராக்ஸி கிளப்பில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் கூட்டத்துக்கு இசைத்தட்டு போட்டவர் ஜமைக்கக் குடும்பத்துப் பையன் டான் லெட்ஸ். போடுவதற்குப் பங்க் தட்டுகள் அதிகம் வந்திராத நேரம், ரெக்கேவைப் போட்டார். பங்க் குழுவான கிளாஷ், ஜமைக்கப் பாடகர் ஜூனியர் மர்வினின் பாட்டைப் பதிவுசெய்ததும் அந்த வருடம்தான். பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற குழுவில் ஜா வாபிள் பேஸை முன்னால் கொண்டுவந்து கிடாரை ஓரத்துக்குத் தள்ளினார். பிரிஸ்டல் நகரில் தி வைல்ட் பஞ்ச் என்ற சவுண்ட் சிஸ்டத்து ஆட்கள்தான் பின்னால் மாசிவ் அட்டாக் இசைக்குழு ஆனார்கள். 1991இல் வந்த தங்கள் முதல் ஆல்பத்தில் ஜமைக்காவின் ரெக்கே பாடகர் ஹோரஸ் ஆண்டியை அழைத்துப் பாட வைத்தார்கள். இத்தனையும் உங்களுக்கு இரண்டு கிடார் வெட்டா?

நல்ல ஹெட்போன் ஒன்றைக் கடனாவது வாங்குங்கள். 1981இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த, தி ஸ்பெஷல்ஸ் குழுவின் ‘கோஸ்ட் டவுன்’ பாட்டைப் போடுங்கள். பாடுகிறவர்களை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அப்புறம் எழுதுங்கள், திருட்டைப் பற்றியும் பேசுவோம்.