தபால்காரர் பதில்கள்: பெருமாள் மேஸ்திரி வீதியில் பெருமாள் கோயில் எங்கே?

கேள்வி: நான் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள். லீவுக்கு வந்த பேரன், "சித்திரைத் தேர் ஏன் பாட்டி மாசி வீதியில ஓடுது?" என்று கேட்டான். பதில் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் பத்துப் பேர், வழிகாட்டி வைக்காமல் நாங்களே ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்: பேரன் நல்ல இடத்தில் பிடித்திருக்கிறான் அம்மா. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில்தான் நடந்தன. திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார். மாதம் மாறியது, தேர் பழைய வீதியிலேயே நின்றுவிட்டது. கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. இந்த வரிசை தெரிந்தால் போதும், வரைபடம் வேண்டாம்.

காலை ஆறரைக்குக் கீழச் சித்திரை வீதியில் சேருங்கள். எதிரே புதுமண்டபம். அதைத் தாண்டினால் முடிக்கப்படாத ராயகோபுரம். பக்கத்திலேயே ஏழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடலும் வந்ததாகத் திருவிளையாடல் சொல்லும் இடம். அங்கே இப்போது தண்ணீரைத் தேடாதீர்கள், கடைகள்தான். கிழக்கே இன்னும் நடந்தால் விட்டவாசல்: பழைய கோட்டையில் இடிக்காமல் விட்ட வாசல். இந்தப் பெயருக்கு இதைவிட நேரான விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

அப்புறம் தெற்கே, விளக்குத்தூண். 1840களில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. அந்த வேலையில் நிலம் அளந்தவர் மாரட். மேற்பார்த்த மேஸ்திரி பெருமாள். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வீதி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு வாரம் பெருமாள் கோயிலைத் தேடியிருக்கிறேன். கடிதம் வாங்கிய ஒரு பெரியவர்தான் சிரித்துவிட்டு, "தம்பி, அவரு சாமி இல்ல, மேஸ்திரி" என்றார். அதற்குப் பிறகுதான் உறையில் எழுதியிருந்த ஒவ்வொரு பெயரையும் நின்று படிக்க ஆரம்பித்தேன்.

அங்கிருந்து பத்துத்தூண் சந்து கூப்பிடு தூரம். துணிக்கடைகளுக்கு நடுவே நாயக்கர் அரண்மனையின் தூண்கள் பத்து நிற்கின்றன. கடை திறந்துவிட்டால் பாதித்தூணைத் துணி மறைத்துவிடும், அதனால்தான் காலையில் போகச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் மகால் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அதுவரை டீ குடியுங்கள்.

ஒன்று மட்டும்: ஆளுக்கு ஒரு வீதியைப் பிரித்துக் கொடுங்கள். அந்த வீதியில் யாராவது ஒரு பழைய கடைக்காரரிடம் அவர் அப்பா காலத்துக் கதையைக் கேட்டு வரட்டும். பத்துப் பேரும் ஒரே ஆள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நடந்தால், அதற்கு வழிகாட்டியே தேவலை.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா அந்த நேரத்துக்குக் கிடைக்காது. பேரனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.