ஜூலு மொழியில் பெண்களுக்கென்று தனிச் சொற்கள் இருப்பது உண்மையா?

உண்மைதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில் அவற்றைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் தேநீர் தயாரித்த அம்மையார் மசிங்கா பக்கத்துக் கிராமத்துக்காரர். ஜூலுவில் தண்ணீர் என்றால் 'அமன்ஸி'. அவர் மட்டும் 'அமன்டாம்பி' என்பார். வட்டார வழக்கு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது, தம் மாமனார் பெயரில் 'ன்ஸி' என்ற ஒலி வருகிறது, திருமணமான நாளிலிருந்து அதை உச்சரிப்பதில்லை என்றார். மாமனார் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வழக்கத்துக்கு 'ஹ்லோனிபா' என்று பெயர். மரியாதை என்று பொருள். மருமகள் தவிர்ப்பது பெயரை மட்டுமல்ல, அதன் அசைகள் வரும் அன்றாடச் சொற்களையும்தான். அவற்றுக்கு ஈடாக ஒலியை மாற்றிக்கொள்வார், அல்லது வேறு சொல்லை எடுத்துக்கொள்வார். 'அமன்டாம்பி' போன்ற சில மாற்றுச் சொற்கள் பெண்களிடையே பொதுவாகவே புழங்குகின்றன. ஜூலுவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள், தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பழங்குடி மொழிகளான கோய்சான் மொழிகளிலிருந்து வந்தவை. புதுச்சொல் தேடிய பெண்கள்தாம் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கருத்து இது. வாயை அடைக்க வந்த விதியிலிருந்து ஒரு மொழியின் ஓசையே வளர்ந்திருக்கிறது!

அரசர் பெயருக்கும் இந்த விலக்கு உண்டு. 1840 முதல் 1872 வரை ஆண்ட அரசர் ம்பாண்டேயின் பெயரை ஒத்திருந்ததால், வேரைக் குறிக்கும் 'இம்பாண்டே' என்ற சொல்லையே மக்கள் தவிர்த்து வேறு சொல்லுக்கு மாறினார்கள். ஆனால் அது குடிமக்கள் எல்லாருக்குமான விதி. மாமனார் பெயருக்கோ மருமகள் ஒருத்திக்குத்தான். ஆண்களும் மாமியார் பெயரைத் தவிர்ப்பதுண்டு. இருந்தாலும் பேச்சை அசை அசையாக மாற்றும் சுமை அவர்கள் தலையில் விழுவதில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமணத்துக்குப் பிறகும் ஜூலுப் பெண்ணைப் பிறந்த குலப் பெயரால்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். குமாலோ குலத்து மகள் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாலும் 'மாகுமாலோ'தான்.

நகரத்தில் நிலைமை வேறு. டர்பனை ஒட்டிய உம்லாசி போன்ற குடியிருப்புகளில் இளைஞர்கள் பேசும் கலப்பு வழக்கு ஒன்று இருக்கிறது. பொதுவாகச் சோட்சிடால் என்பார்கள். பையன் பேசினால் நகரத்துக்காரன் என்ற மிடுக்கு. அதையே பெண் பேசினால் அடக்கமற்றவள் என்ற பேச்சு. கிராமத்து ஜூலுவை 'ஆழமான ஜூலு' என்று போற்றுகிறார்கள். அதைக் காப்பாற்றும் பொறுப்பை மட்டும் பெண்களிடமே விட்டுவிடுகிறார்கள்.

அந்த அம்மையாரின் மகள் உம்லாசியில் குடியிருந்தார். அங்கே அவருக்குத் தண்ணீர் 'அமன்ஸி'தான். டிசம்பர் விடுமுறையில் கணவரின் கிராமத்துக்குப் போகும்போது மட்டும், விலக்க வேண்டிய சொற்களைப் பஸ்ஸிலேயே ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாராம்.