ஓன்போர்டு வண்டியை வாடகைக்கு விடலாமா? புதுச்சேரி, கடலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரியில் வாடகை வண்டிக்கு ஆள் அலைகிறது. அதைப் பார்த்துவிட்டு, வாசலில் சும்மா நிற்கும் ஓன்போர்டு வண்டியை, அதாவது வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்த வண்டியை, விட்டால் என்ன என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

பழைய வேனுக்குள் கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்துக் குடும்பச் சுற்றுலாவுக்காக மாற்றினோம். வருடத்தில் பத்து மாதம் நின்றபடியே இருக்கிறது. வாடகைக்கு விடலாமா? (லாஸ்பேட்டை)

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வண்டியின் வகை, இருக்கை எண்ணிக்கை இரண்டையும் பாருங்கள். பன்னிரண்டு இருக்கை என்று அதில் இருந்து, உள்ளே நான்கு இருக்கையும் இரண்டு கட்டிலும் இருந்தால், வாடகைப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுக்கு எதிரானது. அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆனால் பதிவில் இல்லாத கேஸ் அடுப்பும் பேட்டரியும் உள்ள வண்டி தீப்பிடித்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அந்த ஒரு காரணமே போதும்.

இப்படி உள்ளேயே தங்கும் வசதி செய்த கேம்பர் வேன் சட்டத்தில் இரண்டு பட்டியலில் வருகிறது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் போக்குவரத்து அல்லாத வாகனம். வாடகைக்கு ஓடினால் போக்குவரத்து வாகனம். இரண்டாவதற்கு மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), வணிகக் காப்பீடு எல்லாம் வேண்டும். வீட்டு வசதியுள்ள வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. தச்சரை வைத்துப் பட்டறையில் செய்த வேலை அதற்குப் பொருந்துமா என்பதை, பணம் செலவழிக்கும் முன்பே மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கேளுங்கள். வண்டியின் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

காகிதம் சரியானால் அடுத்தது மின்சாரம். வாடகைக்கு எடுப்பவர் முதலில் கேட்பது ஏ.சி. நம் கடற்கரைப் புழுக்கத்தில் முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 500 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 4 யூனிட். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி முழுதாகக் கொடுப்பதே 2.56 யூனிட். அதாவது நள்ளிரவு தாண்டியதும் நின்றுவிடும். சாதாரண டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் நிலைமை இன்னும் மோசம். கூரையில் 200 வாட் சோலார் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 1 யூனிட் அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஆகவே 15 ஆம்பியர் பிளக் உள்ள தங்குமிடத்தில்தான் இரவு நிறுத்த வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இன்ஜின் பேட்டரியும் வீட்டு பேட்டரியும் ஒன்றாக இணைந்திருந்தால் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வரும்.

ஏ.சி. நின்றதும் ஆள் என்ன செய்வார்? இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவார், அல்லது ஜெனரேட்டர் கொண்டுவருவார். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசனையும் இல்லாத வாயு. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். உங்கள் வேனின் தரையில் வயரும் தண்ணீர்க் குழாயும் இறங்கும் ஓட்டைகளைக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டறையில் ஒரு அங்குலம் துளைத்துவிட்டு அரை அங்குலக் குழாயை விட்டிருப்பார்கள். மீதி இடைவெளி வழியாகத்தான் புகை மேலே வரும். ஓட்டை விளிம்பில் பொருந்தும் ரப்பர் வளையம் (குரோமெட்) போட்டு சீலன்ட்டால் அடையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் மாட்டாமல் இந்த வண்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். இதில் மட்டும் பேரம் கிடையாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டிக்கு வெளிப்பக்கமாகத் திறக்கும் காற்றுத்துளை தரை மட்டத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் மட்டத்தில் இருந்து பயனில்லை. வாடகைக்கு விடும்போது கேஸையே எடுத்துவிட்டு, பிளக் கிடைக்கும் இடத்தில் பயன்படுத்த ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வைப்பது எங்கள் பரிந்துரை.

இந்த வகை வண்டியை டிரைவரோடு மட்டும் விடுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கூரையில் ஏ.சி. யூனிட் உள்ள வண்டியை மரக்கிளைக்கும் தாழ்ந்த வளைவுக்கும் அடியில் விடாமல் ஓட்டுவது பழக்கத்தில் வருவது. டிரைவருக்குப் பேட்டாவோடு படுக்கவும் இடம் வேண்டும். இரண்டே கட்டில் இருந்தால் அவர் முன்சீட்டில் சுருண்டு படுத்துவிட்டு மறுநாள் 200 கி.மீ. ஓட்டுவார். அவருடைய அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் காரை சனி, ஞாயிறு மட்டும் ஆப் மூலம் செல்ஃப் டிரைவுக்கு விடலாமா? இன்சூரன்ஸ் அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். (கடலூர், மஞ்சக்குப்பம்)

வெள்ளை போர்டு என்றால் விடாதீர்கள். உங்கள் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு விட்டால் செல்லாது என்று அச்சிட்டிருக்கும். சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது. எதிரே வந்தவருக்கு அடிபட்டால், இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உயிரிழப்பு வழக்கில் அது லட்சக்கணக்கில் போகும். இரண்டு நாள் வாடகை 4,000 ரூபாய்க்கு அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வதில் நியாயமே இல்லை.

ஆப்காரர் சொல்லும் ‘பாதுகாப்புத் திட்டம்’ பல நேரம் அந்த நிறுவனம் தரும் வாக்குறுதிதான், காப்பீட்டு பாலிசி அல்ல. பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், உங்கள் வண்டி எண் மூன்றும் உள்ள பக்கத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 192ஏ பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. 1989ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி அதற்கான உரிமம் பெறக் குறைந்தது 50 வண்டி வேண்டும். ஒற்றைக் கார் வைத்திருப்பவருக்கு உள்ள நேர்வழி, மஞ்சள் போர்டுக்கு மாற்றி டிரைவரோடு ஓட்டுவதுதான்.

மஞ்சள் போர்டுக்கு மாற்றினால் செலவு எவ்வளவு கூடும்?

மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் பாருங்கள். 2022 ஜூனில் வந்த அடிப்படை விகிதத்தில், 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். அதே கார் டாக்ஸி ஆனால் 7,940 ரூபாயும், ஒவ்வொரு பயணிக்கும் 978 ரூபாயும். நான்கு பயணிக்கு 11,852 ஆகிறது. இதற்கு மேல் எஃப்.சி.: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம். ஆயுள் வரி கட்டிய வண்டிக்குப் போக்குவரத்து வாகன வரி புதிதாக வரும், டி.என். பதிவா பி.ஒய். பதிவா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும்.

தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, எழுதிப் பாருங்கள். டயர் நான்கு 22,000 ரூபாய், 40,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 55 காசு. சர்வீஸ் 10,000 கி.மீ.க்கு 8,000 என்றால் 80 காசு. கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷனுக்கு 70 காசு. அதிகம் ஓடிய வண்டி என்பதால் விற்கும்போது குறையும் விலைக்கு 2 ரூபாய். மொத்தம் 4 ரூபாய்க்கு மேல். புதுச்சேரியிலிருந்து பிச்சாவரம் போய் வர 160 கி.மீ. ஆனால் 650 ரூபாய் அங்கேயே போயிற்று. 2,000 ரூபாய் வாடகையில் இதையும் டிரைவர் பேட்டாவையும் வாட்டர் வாஷையும் கழித்து, மீதியை மாதம் எத்தனை நாள் ஓடும் என்பதால் பெருக்குங்கள். மாதம் ஆறேழு நாள்கூட ஓடாது என்றால், கூடுதல் காப்பீட்டையும் வரியையும் மீட்பதற்கே உழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு புல்லட், ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. ஒயிட் டவுனுக்கு வருபவர்களுக்கு விடலாமா? (முத்தியால்பேட்டை)

1997ஆம் ஆண்டு இருசக்கர வாகன வாடகைத் திட்டப்படி குறைந்தது ஐந்து வண்டியும் உரிமமும் வேண்டும். மூன்றை வைத்துக்கொண்டு கணக்கில் வராமல் விடுவது வேண்டாம். உரிமம் வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கூட்டர் எடுப்பவர் நேராகப் போவது ஆரோவில். அது தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே பெர்மிட் மாநில எல்லை தாண்டியும் செல்லுபடியாக வேண்டும். ஹெல்மெட் இரண்டு கொடுங்கள். உரிமத்தின் அசலைப் பார்த்து, அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள், ஜெராக்ஸை நம்பாதீர்கள். உரிமம் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய். ஓட்டியது பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, ஓராண்டு பதிவு ரத்து.

எங்கள் வண்டியை எடுத்தவர் எல்லையில் பாட்டிலோடு பிடிபட்டால் எங்களுக்கு என்ன ஆகும்? (பாகூர்)

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. புதுச்சேரி சரக்கோடு ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மாட்டினால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வண்டியையும் பிடித்துவைப்பார்கள். அரசுடைமையாக்கி ஏலத்தில் விடவும் முடியும். எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் முன்னெச்சரிக்கை எடுத்தேன் என்று நிரூபிப்பது உரிமையாளர் வேலை. வாய்மொழியாகச் சொன்னது அங்கே நிற்காது. ‘எல்லை தாண்டி மது ஒரு பாட்டில்கூட ஏற்றக்கூடாது’ என்று வாடகைத் தாளில் தனி வரியாக எழுதி, அந்த வரிக்குப் பக்கத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். புறப்பட்ட நேரம், ஆதார் நகல், ஜி.பி.எஸ். பதிவு மூன்றையும் வைத்திருங்கள். வழக்கு முடியும்வரை வண்டி வெயிலிலும் மழையிலும் காவல் நிலைய வாசலில் நிற்கும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

மழைக்காலத்தில் விடலாமா?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய, புயல் எச்சரிக்கை வந்தால் ரத்து செய்யும் உரிமை உங்களிடம் இருக்கட்டும். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையோரம் மூழ்கியது. தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசி இதற்குப் பணம் தராது, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். ‘நின்றால் ஸ்டார்ட் செய்யாதே, போன் செய்’ என்று ஸ்டிக்கர் அடித்து ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

உப்புக்காற்று மழையைவிட மெதுவாக, ஆனால் வருடம் முழுக்கத் தின்னும். சில்வர் பீச் மணலில் இறக்கிவிட்டு வந்த வண்டிக்கு அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் கழுவுங்கள். பிரேக் டிஸ்க்கில் துரு, ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகுவது, பேட்டரி முனையில் அரிப்புப் படிவு என்ற மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது எதைப் பார்ப்பது?

வெளிச்சத்தில் செய்யுங்கள்; இருட்டில் கொடுத்த வண்டியில் யார் கோடு போட்டது என்று முடிவே வராது. முன் பம்பரில் தொடங்கி ஒரு சுற்று வீடியோ, அதிலேயே கிலோமீட்டர், எரிபொருள் முள், ஸ்டெப்னி, ஜாக்கி. டேங்க்-டு-டேங்க், அதாவது நிரப்பிக் கொடுத்து நிரப்பியே திரும்ப வாங்குவது என்றால் சண்டை குறைவு. கேம்பர் என்றால் கழிவுத்தொட்டி காலியாகத் திரும்பி வர வேண்டும் என்று எழுதுங்கள். கழிப்பறைக்கு அடியில் இருக்கும் 20 லிட்டர் கழிவுப்பெட்டி (கேசட்) இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாளில் நிறைந்துவிடும். முன்பணத்தை உடனே திருப்பித் தராதீர்கள். ஃபாஸ்டேக் கழிவும் இ-சலானும் சில நாள் கழித்துத்தான் உங்கள் போனுக்கு வரும். பத்து நாள் கழித்துத் தருவதாகத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மச்சான் டீசல் போட்டு எடுத்துப் போனால் அதுவும் வாடகையா? (அரியாங்குப்பம்)

இல்லை. நாளுக்கு இவ்வளவு என்று வாங்கினால்தான் வாடகை. ஜிபேயில் ‘கார் வாடகை’ என்று குறிப்பு எழுதி அவர் பணம் அனுப்பினால், விபத்துக்குப் பின் அதுவே சாட்சியாகிவிடும்.

வருமான வரி, ஜி.எஸ்.டி. உண்டா?

வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். வாடகைக்கு ஓட்டும் தொழிலில் உள்ள வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். தொழிலுக்கான மற்ற கார்களுக்கு 15 சதவீதம்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஒற்றை வண்டி அந்த அளவுக்குப் போகாது.

இவ்வளவும் பார்த்தால் விற்றுவிடுவதே மேலா?

வருடத்தில் இருபது நாளுக்கும் குறைவாக நீங்கள் பயன்படுத்தி, மஞ்சள் போர்டுக்கு மாற்றவும் மனமில்லை என்றால், ஆமாம், விற்றுவிடுங்கள். வைத்திருக்கத்தான் ஆசை என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 20 கி.மீ. ஓட்டுங்கள், டயர் காற்றைப் பாருங்கள், எலி வயரைக் கடிக்காமல் பானட்டைத் திறந்து பாருங்கள். மஞ்சள் போர்டுக்குப் போவதென்றால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன் பெர்மிட் கைக்கு வரும்படி செப்டம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.