மின்சாரக் காரின் பிரேக் பைப்: பிறை பட்டறையிலிருந்து பதில்கள்

பினாங்கு பிறையில் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. பிரேக் வேலைதான் அதிகம் பார்க்கிறேன். இப்போது மின்சாரக் கார்களும் ஹாய்ஸ்ட்டில் (காரைத் தூக்கும் மேடையில்) ஏறுகின்றன. போன வாரம் ஒரு மின்சாரக் காரில் பின்சக்கரத்துப் பிரேக் பைப்பை மாற்றினேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மின்சாரக் கார்ல பிரேக்கும் கரண்ட்லதானே வேலை செய்யுது? அதுல எதுக்கு ஆயில் பைப்?

பாதி சரி தம்பி. ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் தானாக வேகம் குறைகிறதே, அது மோட்டாரின் வேலை. மோட்டார் அப்போது ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆனால் மோட்டார் பூட்டிய சக்கரத்தை மட்டும்தான் அது பிடிக்கும். பல கார்களில், நிற்கப்போகும் கடைசி நொடியில் அதன் பிடி தளர்ந்துவிடும். குறுக்கே மோட்டார் சைக்கிள் பாய்ந்து நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது நாலு சக்கரத்தையும் பிடிப்பது பழைய டிஸ்க், பேட், ஆயில்தான். நீங்கள் மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் வேக்குவம் பூஸ்டருக்குப் பதிலாகக் கரண்டில் ஓடும் பூஸ்டர் இருக்கும். அதிலிருந்து சக்கரம் வரை போவது பெட்ரோல் காரில் இருக்கும் அதே இரும்புப் பைப்தான்.

எனக்குக் கவலை தருவது இதுதான். தினசரி ஓட்டத்தில் மோட்டாரே காரை நிறுத்திவிடுவதால், பிரேக் பைப்பில் கோளாறு இருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. பெட்ரோல் காரில் பெடல் மெதுமெதுவென்று இறங்கினால் அன்றைக்கே பட்டறைக்கு வந்துவிடுவார்கள். மின்சாரக் காரில் பல நாள் பெடலையே அழுத்தாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அழுத்தும் நாள் அவசர நாளாக இருக்கும்.

தஞ்சோங் பூங்காவிலிருந்து ஒரு அக்கா: வீடு கடலோரம். கார் வாங்கி மூன்று வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள துரு பிடிக்குமா?

குளிர் நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பு கொட்டுவதால் பைப் சீக்கிரம் அரித்துப்போகும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடல்காற்று உண்டு, மழை உண்டு, வெள்ளச் சேறும் உண்டு. இரும்புப் பைப்பின் மேல்பூச்சு நன்றாக இருக்கும்வரை பயமில்லை. கல் அடித்துப் பூச்சு பெயர்ந்த இடத்திலும், பைப்பைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்கு அடியிலும்தான் துரு ஆரம்பிக்கும். கிளிப்புக்குள் சேறு ஒட்டிக்கொண்டு எப்போதும் ஈரமாகவே இருக்கும். மேலே பார்த்தால் பளபளப்பு, கிளிப்பைக் கழற்றினால் செதில் செதிலாக உரியும்.

சர்வீஸ் போடும்போது ஹாய்ஸ்ட்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள் அக்கா. பல கார்களில் அடித்தட்டு மூடி பைப்பை மறைத்திருக்கும். அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றாமல் "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதே, அதுபோல் வெள்ளத்தில் நின்ற காரை செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால் ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து பாருங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: எலி கடிச்சு பிரேக் போகுமா?

இரும்பைக் கடிக்காது. சக்கரத்துப் பக்கம் இருக்கும் ரப்பர் ஹோஸையும் சென்சார் வயரையும் கடிக்கும். ஹோஸில் பல் தடம் தெரிந்தால் ஆயில் கசியும்வரை காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: பைப்ல ஒரே ஒரு இடத்துல கசியுது அண்ணே. அந்தத் துண்டை வெட்டிட்டு ரப்பர் ஹோஸ் போட்டு கிளிப் இறுக்கிடலாம்னு ஒரு கடையில சொல்றாங்க. செலவு கம்மி.

தயவுசெய்து வேண்டாம். காரை அங்கே விட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், ஓட்டிக்கொண்டு வராமல் டோ டிரக்கில் ஏற்றி.

உங்கள் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டரை பார் அளவு. பிரேக்கை ஓங்கி மிதித்தால் இந்தப் பைப்புக்குள் அழுத்தம் 100 பாருக்கு மேலும் ஏறலாம். ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கிய கிளிப் அதற்கு எம்மாத்திரம்? தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற, நெருக்கிப் பிடிக்கும் ஜாயின்ட்டும் கூடாது. ஒருமுறை என்னிடம் வந்த காரில் அப்படி ஒரு ஜாயின்ட் போட்டிருந்தார்கள். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. ஓட்டி வந்தவர் டிஸ்க் சத்தம் போடுகிறது என்றுதான் வந்தார். அடியில் போய்ப் பார்த்தால், பைப் அந்த ஜாயின்ட்டுக்குள்ளிருந்து நகத்தளவு வெளியே வந்திருந்தது. அது பிடித்திருந்த இடம் மட்டும் பைப்பில் வெள்ளையாகத் தேய்ந்து தெரிந்தது. மோட்டாரே காரை நிறுத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. பின்சீட்டில் குழந்தையின் சீட் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கார் நிறுவனம் வைத்த ஜாயின்ட்டிலிருந்து அடுத்த ஜாயின்ட் வரை முழுப் பைப்பையும் மாற்றுங்கள்.

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி: எந்தப் பைப் போடறது? முனையை எப்படி அடிக்கணும்?

வாரண்டி இருக்கும் காரென்றால் நிறுவனத்துப் பைப்பையே வாங்கிப் போடு. வளைவெல்லாம் அளவாக வந்துவிடும். வாரண்டி முடிந்திருந்தால் செம்பு நிக்கல் கலப்புப் பைப் நல்லது. கையால் வளைக்கலாம், துரு பிடிக்காது. வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிப்பு விழும். பெரும்பாலான கார்களுக்கு 4.75 மி.மீ பைப், எம் 10 நட். ஆனாலும் கழற்றியதை வைத்து அளந்து பார்.

முனையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பைப்பின் முனையை அடித்து விரிப்பதுதான் ஃப்ளேர், அதில் இரண்டு வகை. ஒன்று டபுள் ஃப்ளேர், பைப்பின் வாய் உள்பக்கமாக மடிந்து புனல் மாதிரி இருக்கும். இன்னொன்று பபுள் ஃப்ளேர், காளான் குடை மாதிரி உப்பியிருக்கும். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் முதல் வகை, ஐரோப்பியக் கார்களில் இரண்டாவது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் நட் ஏறும், இறுகும், பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு முகமும் ஒன்றோடொன்று படியாது. பழைய பைப்பின் முனையைத் துடைத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடு.

வெட்ட கட்டரைத்தான் எடுக்க வேண்டும். ரம்பம் போட்டால் தூள் உள்ளே போய்விடும். வெட்டியதும் உள்விளிம்பின் பிசிறை எடு, ஏர் அடித்து ஊது, நட்டைப் பைப்பில் மாட்டிவிட்டு அப்புறம் முனையை அடி. அடித்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது விளிம்பு முழுவதும் ஒரே கனமாக இருக்க வேண்டும். தலைமுடி அளவுக் கீறல் தெரிந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி அடி. நட்டின் முதல் மூன்று மரையைக் கையாலேயே ஏற்று, பிறகு ஃப்ளேர் நட் ஸ்பேனர். சாதா ஸ்பேனர் நட்டின் மூலையைத் தின்றுவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். பல கார்களில் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரை. பலத்தைக் காட்டினால் முனை நசுங்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: நான் பேக்டரியில மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வீட்டிலேயே மாத்தலாமா? ஷாக் அடிக்குமா?

பிரேக் பைப்பில் ஹை வோல்டேஜ் கிடையாது. ஆனால் அது போகிற வழியில் ஹை வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிற கேபிள் இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அதன் கிளிப்பைக்கூடக் கழற்றாதீர்கள். சில கார்களில் பைப் பேட்டரிப் பெட்டிக்கு மேலே போகும். பெட்டியை இறக்காமல் எடுக்க முடியாது என்றால் அது ஹை வோல்டேஜ் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஜாக்கியை நிறுவனம் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள். நடுவில் தட்டையாகத் தெரிவது பேட்டரி, அதில் ஜாக்கி பட்டால் பிரேக்கை விடப் பெரிய செலவு வரும். இந்தக் கார்கள் கனமானவை, ஒன்றரை டன்னுக்கு மேல் சாதாரணம். ஸ்டாண்ட் அதைத் தாங்குமா என்று எண்ணைப் படித்துவிட்டு வையுங்கள்.

முக்கியமானது இன்னொன்று. கதவைத் திறந்தாலோ சாவியோடு பக்கத்தில் போனாலோ சில கார்கள் விழித்துக்கொண்டு பூஸ்டரை இயக்கும். பைப் திறந்திருக்கும்போது அது நடந்தால் ஆயில் முகத்தில் அடிக்கும். பேட் மாற்றிக்கொண்டிருந்தால் விரல் நசுங்கும். அதனால் கையேட்டில் சொன்னபடி பிரேக் சர்வீஸ் மோடில் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த மோடுக்குப் போக, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேன் மெஷின் இல்லையென்றால், இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

நிபோங் திபாலிலிருந்து: ஏர் எடுக்க மனைவியைப் பெடல் மிதிக்கச் சொல்லி நிப்பிளைத் திறந்தால் போதாதா?

ஏர் எடுப்பது என்றால், பைப்பில் புகுந்த காற்றைச் சக்கரப் பக்கத்தில் இருக்கும் நிப்பிள் திருகு வழியாக வெளியேற்றுவது. பழைய காருக்கு நீங்கள் சொல்லும் முறை போதும். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். ஆனால் சில புதிய மின்சாரக் கார்களில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீங்கள் மிதிப்பதை சென்சார் படிக்கிறது, உள்ளே இருக்கும் மோட்டார் ஆயிலைத் தள்ளுகிறது. காலுக்குக் கிடைக்கும் அழுத்தம் ஒரு ஸ்பிரிங் தருவது. அதனால் சக்கரப் பக்கத்தில் காற்று இருந்தாலும் பெடல் கெட்டியாகவே தெரியும்! கால் சொல்வதை நம்பி வேலையை முடித்தால் ஏமாந்துபோவோம்.

அந்தக் காற்று எப்போது காட்டிக்கொடுக்கும்? கரண்ட் போனால், பூஸ்டர் கைவிட்டு உங்கள் காலே நேராக ஆயிலைத் தள்ளும்படி ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். அப்போது பெடல் கல் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் பைப்பில் காற்று இருந்தால், நீங்கள் மிதிக்கும் பலமெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும்.

ஆகவே ஸ்கேன் மெஷினை மாட்டி, அந்தக் காருக்குரிய முறையில், அது சொல்லும் சக்கர வரிசையில் ஏர் எடுக்க வேண்டும். பைப்பைக் கழற்றியதும் இரண்டு முனைக்கும் ரப்பர் மூடி போட்டுவிடுவேன். பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று ஏறிவிட்டால், மெஷின் வைத்து அதன் வால்வுகளைத் திறந்து மூடினால்தான் வெளியே வரும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: எந்த பிரேக் ஆயில்? பிரேக்கையே அதிகம் பிடிக்காத காருக்கு ஆயில் மாற்றணுமா?

டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் போடுங்கள். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 என்றிருந்தால் டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கான், அதை இதோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில் கொஞ்சம் விழுந்தாலும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும்.

மாற்றத்தான் வேண்டும். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும்தான். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 155 வரை இறங்கலாம். பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பிடி போய்விடும். போதாததற்கு உள்ளிருந்தே துருவும் பிடிக்கும். பல நிறுவனங்கள் 2 வருடம் என்கின்றன. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கையேட்டில் 4 வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நம் புழுக்கத்துக்கு நான் 2 வருடம் என்றே சொல்வேன்.

ஈப்போவிலிருந்து ஒரு ஐயா: கேமரன் மலையில் இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினேன். கார் முன்பு போல் தானாக வேகம் குறையவில்லை. பழுதா?

பழுதில்லை ஐயா. பேட்டரி நிரம்பியிருந்தால் மோட்டார் தயாரிக்கும் கரண்டுக்கு இடமில்லை. அதனால் மோட்டாரின் பிடி குறையும், இறக்கம் முழுவதும் ஆயில் பிரேக்தான் சுமக்க வேண்டும். பல மாதம் உழைக்காத டிஸ்க்கும் ஈரம் ஏறிய ஆயிலும் அன்றைக்குத்தான் சூடேறும். அடுத்தமுறை மலையில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறை, பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு தங்கச்சி: பைப் மாத்தி வண்டி வந்தாச்சு. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். சரியா செஞ்சிருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் மெஷின் காட்டிய முடிவைக் கேட்டு வாங்கும்மா. ஏர் எடுத்தது முடிந்தது, எந்தக் கோளாறுக் குறியீடும் இல்லை என்று அதில் இருக்கும். பிறகு ஆளில்லாத கார் பார்க்கில், நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, கியரை நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதி. நியூட்ரலில் பெரும்பாலான கார்களில் மோட்டார் பிடிக்காது, ஆயில் பிரேக் மட்டும் வேலை செய்யும். கார் ஒரு பக்கமாக இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். நாலைந்து முறை செய். டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் ஓட்டாதே.

இரவு நிறுத்தும்போது டப்பாவில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வை. காலையில் அதே கோட்டில் இருக்கிறதா என்று பார். பிறகு பட்டறையில் ஹாய்ஸ்ட்டில் ஏற்றச் சொல்லி, புதிதாகப் போட்ட ஒவ்வொரு நட்டையும் வெள்ளை டிஷ்யூவால் துடைக்கச் சொல்லு. கசிவு இருந்தால் முதலில் சொட்டாக விழாது, நட்டின் கழுத்தில் வியர்வை மாதிரி பூத்திருக்கும். டிஷ்யூ காய்ந்தபடியே வந்தால் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பு. ஈரம் தெரிந்தால் அன்றைக்கு மட்டும் கிராப் டாக்சி எடுத்துக்கொள், காரை அங்கேயே விட்டுவிடு.