வரைந்த குருவி ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது?

கேள்வி: மூன்று வருடமாக வாட்டர்கலரில் சின்னக் காட்டுப் பறவைகளை வரைகிறேன். போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இறகாகத் தீட்டுவேன். பார்ப்பவர்கள் "போட்டோ மாதிரியே இருக்கு" என்கிறார்கள். எனக்கோ பஞ்சடைத்த பொம்மையாகத்தான் தெரிகிறது. நேரில் பார்த்து வரையலாம் என்று மரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால், நோட்டைத் திறப்பதற்குள் பறவை போய்விடுகிறது. எனக்கு இது வரவே வராதோ?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஊரே மெச்சியும் உங்களுக்குத் திருப்தி வரவில்லை பாருங்கள், அது நல்ல அறிகுறி. கை இன்னும் வராவிட்டாலும் கண் வந்துவிட்டது. பலருக்கு இது தலைகீழாக நடக்கும், அவர்களைத் திருத்துவதுதான் கஷ்டம்.

உங்கள் படத்தைக் கெடுப்பது அந்த இறகுகள்தான் என்று நினைக்கிறேன். பட்டாணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வாலோடு சேர்த்தே ஒரு சாண் நீளம் இருக்காது, எடை 20 கிராமுக்குள். இருபதடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது அதன் நெஞ்சில் ஓர் இறகாவது தனியாகத் தெரிந்திருக்கிறதா? மெத்தென்ற ஓர் உருண்டை தெரியும். இறக்கையிலும் வாலிலும் மட்டும் நாலைந்து விளிம்புக் கோடுகள் தெரியும். கண்ணில் படாததையெல்லாம் போட்டோவைப் பார்த்துத் தீட்டினால் குருவிக்கு மீன் செதில் முளைத்துவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் தாளை நனைத்து வண்ணத்தைப் படரவிடுங்கள். கோடு போட ஆசையாக இருந்தால் இறக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போட்டோவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இறக்கையில் வெள்ளைப் பட்டை ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பறவை எப்படி நிற்கிறது என்பதை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். கேமரா பிடிப்பது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துணுக்கை. பல சமயம் அது இரண்டு அசைவுகளுக்கு நடுவே பறவை அரைகுறையாக நின்ற நிலை.

நில்லாத பறவையை எப்படி வரைவது என்பது பழைய தலைவலி. 1827 முதல் 1838 வரை அமெரிக்கப் பறவைகளை 435 அச்சுப் படங்களாக வெளியிட்ட ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான், பறவைகளைச் சுட்டுக் கொன்று, உடலில் கம்பி கோத்து, வேண்டிய கோலத்தில் நிறுத்திவைத்து வரைந்தவர். எல்லாவற்றையும் உயிரளவிலேயே போட வேண்டும் என்ற பிடிவாதத்தில், பெரிய பறவைகளின் கழுத்தை வளைத்துத் தாளுக்குள் அடக்கினார். நமக்குத் துப்பாக்கியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். 8 மடங்கு காட்டும் பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

சரி, நோட்டைத் திறப்பதற்குள் பறந்துவிடுகிறது என்கிறீர்கள். திறந்தே வைத்திருங்கள், ஆனால் பறவை இருக்கும்வரை நோட்டைப் பார்க்காதீர்கள். அது பறந்து போகட்டும். கண்ணை மூடுங்கள், கண்ணுக்குள் நிற்பதை மட்டும் போடுங்கள். முதலில் அலகிலிருந்து வால் நுனிவரை ஒரே சாய்கோடு, பிறகு தலைக்கு ஒரு வட்டம், கால் கிளையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. அந்தச் சாய்கோட்டிலேயே பாதிப் பறவை வந்துவிடும். ஈப்பிடிப்பான் நிமிர்ந்து உட்காரும், கதிர்க்குருவி கிளையோடு கிளையாகப் படுத்தாற்போல் போகும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு அரைகுறைப் படங்களைத் தொடங்கி வையுங்கள். சின்னப் பறவைகளுக்கும் நம்மைப்போல் பழக்கதோஷம் உண்டு, அதே கோலத்துக்கு மறுபடி வரும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

அரைமணி நேரம் ஈ காக்கை இருக்காது. திடீரென்று ஐந்து வகைப் பறவைகள் கூட்டாக வந்து, இலை இலையாகப் புழு தேடிவிட்டு ஐந்தே நிமிடத்தில் கடந்துபோகும். அப்போது பேராசைப்படாமல் ஒன்றை மட்டும் பாருங்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். பல வருடம் நான் வரைந்த குருவிகளின் கால், உருளைக்கிழங்கில் குச்சி செருகினாற்போல் இருக்கும். ஒருநாள் பட்டாணிக்குருவி ஒன்று ஒரு விதையைக் காலடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அலகால் கொத்தி உடைத்தது. ஒவ்வொரு கொத்துக்கும் முழு உடம்பும் இடுப்பிலிருந்து சாய, வால் துலாக்கோல் மாதிரி மேலே போனது. அப்போதுதான் உறைத்தது: பின்னோக்கி மடங்குகிறதே, அதை நான் முழங்கால் என்று நினைத்திருந்தேன். அது கணுக்கால். நிஜ முழங்கால் வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. கால் வெளியே தெரிவது நாம் நினைப்பதைவிடப் பின்னால், பாதம் ஊன்றுவதோ உடல் பாரத்துக்கு நேர் கீழே. இதைத் திருத்தியதுமே என் குருவிகள் கிளையில் உட்கார ஆரம்பித்தன. அதே குருவிக்கு மார்பிலிருந்து வயிறுவரை டை கட்டினாற்போல் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறதல்லவா? உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அதன் வளைவே காட்டிக்கொடுக்கும். அதை முதலில் போட்டுப் பாருங்கள்.

கண்ணைக் கடைசியில் வைக்கிறவர்கள் உண்டு. நான் தொடக்கத்திலேயே வைப்பேன், தவறினால் தாளை அப்போதே மாற்றிவிடலாம். அலகின் வாய்க்கோட்டைப் பின்னால் நீட்டினால், பெரும்பாலான குருவிகளுக்கு அது கண்ணுக்குக் கீழே போகும். மின்னும் புள்ளியை நட்டநடுவில் வைக்காதீர்கள். மரத்தடியில் வெளிச்சம் மேலே இருக்கும் இடைவெளிகளிலிருந்து வருகிறது, புள்ளியும் மேலேதான் விழும்.

வண்ணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வெள்ளை வயிற்றின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், அங்கே இலைகளின் பச்சைதான் ஏறியிருக்கும். நீலப் பறவையின் இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. வெளிச்சம் பறவைக்குப் பின்னாலிருந்து வந்தால் நீலம் மங்கிச் சாம்பலாகிவிடும். அன்று சாம்பலைப் பார்த்தீர்களானால் சாம்பலையே தீட்டுங்கள், டியூபில் இருக்கும் நீலத்தை அல்ல.

முக்கியமான ஒன்று: வாயில் இரையோடு ஒரு பறவை கூட்டுக்குள் போகாமல் கத்திக்கொண்டே கிளை மாறினால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். உடனே எழுந்து தள்ளிப் போய்விடுங்கள், படம் எவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தாலும் சரி. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். இன்னொரு பறவை தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டதென்று அது பதறும்.

ஆறு வாரம், ஒரே வகைப் பறவை. பிறகு அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து அழகுபடுத்த வேண்டாம், முடிக்காத பக்கமாகவே இருக்கட்டும்.